நான்கு ஒழுங்கை தூரம்

ஜலீல் கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசை. அதன்மேல் என் நாவலின் இருநூற்றுச் சொச்சம் தாள்கள், ஆறிப்போன இரண்டு கோப்பை பால் விடாத பிளேன்ரீ, பக்கத்தில் அவருடைய குழாய்ச் சாவி. ஜலீல் தொழிலால் பிளம்பர். ஒழுகிய குழாயை மாற்றிப் பூட்டிவிட்டு, நான் கேட்டுக்கொண்டதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்திருந்து நாவலை வாசித்து முடித்திருந்தார்.

"நல்லா இரிக்கி சேர்" என்றார். பிறகு சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

முப்பத்தொரு வருடம் நகரசபையில் கட்டடப் பரிசோதகனாக இருந்தவன் நான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒருவர் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். எத்தனையோ வீட்டு வாசல்களில் நின்று நானே அப்படித் துடைத்திருக்கிறேன்.

"ஒரு சின்ன விசயம் கேக்கட்டா? இந்தப் புள்ள எங்க போகுது?"

அவர் கேட்டது ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றி. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குத் தெற்கே ஒரு முஸ்லிம் ஊர். கலியாணம் முடிந்த நாயகி தாய் வீட்டு வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வான் வண்டியில் ஏறுகிறாள். வண்டி, கடல் நீர் உள்ளே தேங்கிய களப்பின் பாலத்தைக் கடக்கிறது. அந்த இடத்தை வாசித்துவிட்டு என் மனைவி சந்திரா அழுதாள். நான் எழுதிய ஒன்று அவளை அழவைத்தது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான். அது வருமானவரிப் படிவம்.

"மாப்பிள்ளை வீட்டுக்குப் போறாள்" என்றேன்.

"ஏன்?" என்றார் ஜலீல்.

அந்த ஒற்றைச் சொல்லின் எடை விளங்க, வாசகர்கள் என்னோடு கொஞ்சம் சுற்றிவர வேண்டும்.

பெப்ரவரியில் ஒரு புதைகுழி

ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் பேஸ்மென்ட் அறையில் மாதத்தின் கடைசி ஞாயிறு எங்கள் வாசகர் வட்டம் கூடும். ஏறக்குறைய இருபது வருடமாகக் கூடுகிறது. சிலர் வடை கொண்டுவருவார்கள், சிலர் கவிதை கொண்டுவருவார்கள். நான் பட்டியல் கொண்டுபோவேன்.

பட்டியல் என்றால் பிழைப் பட்டியல். சென்னையிலிருந்து வந்த ஒரு நாவலில் நாயகன் ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கி, ரக்சி பிடித்து ஸ்காபரோவுக்குப் போகிற வழியில் நயாகராவின் சாரல் முகத்தில் அடிக்கிறது. கிழக்கே போகவேண்டிய ரக்சி எதிர்த் திசையில் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கிறது, நாயகன் மீட்டரைப் பார்க்கவே இல்லை. இன்னொன்றில் டிசெம்பரில், மரங்கள் மொட்டையாய் நிற்கும் மாதத்தில், மேப்பிள் இலைகள் இரத்தச் சிவப்பாய் உதிர்கின்றன. மூன்றாவதில் நாயகி ரூஜில் சுரங்க ரயில் ஏறுகிறாள். நாங்கள் ரூஜ்காரர் எத்தனை தேர்தலாக அந்த ரயிலுக்குக் காத்திருக்கிறோம் என்பது அந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

தூரத்திலிருந்து எழுதுபவர்களை மன்னிக்கலாம் என்பார்கள். நான் அவர்களையும் மன்னிக்கவில்லை, இங்கேயே இருந்து எழுதுபவர்களையும் மன்னிக்கவில்லை.

எங்கள் வட்டத்துச் சிவபாதம் ஸ்காபரோவிலேயே, வெக்ஸ்போர்ட்டில் முப்பது வருடமாக இருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்தவர், நல்ல மனிதர், துப்பறியும் நாவல் எழுதினார். அதில் கொலைகாரன் ஒரு பெப்ரவரி இரவில், அரை மணி நேரத்தில், சத்தமில்லாமல், வீட்டுப் பின்வளவில் ஆறடிக் குழி தோண்டி உடலைப் புதைக்கிறான்.

நான் எழுந்து நின்று பதினைந்து நிமிடம் பேசினேன். பெப்ரவரியில் நிலம் கல்லாக உறைந்திருக்கும், மண்வெட்டி துள்ளி முகத்தில் அடிக்கும். அதைவிட முக்கியம், இந்த மாகாணத்தில் எவன் எதற்காகத் தோண்டினாலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆட்கள் வந்து எரிவாயு போகும் வழிக்கு மஞ்சள் கொடியும் மின்சாரத்துக்குச் சிவப்புக் கொடியும் குத்திவிட்டுப் போவார்கள். கொலைகாரன் அறிவித்தானா? அறிவித்திருந்தால் கொடி குத்த வந்தவர் ஏன் சாட்சியாக வரவில்லை?

அறை சிரித்தது. சிவபாதமும் சிரித்தார். ஆனால் வடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் வட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் நூல் வெளியிட்டால், அவர் கடைசியாகக் கிழித்த நூலின் ஆசிரியரே அதற்கு மதிப்புரை சொல்லவேண்டும். விமர்சகர்களிடம் பொறுப்பு இருக்கவேண்டும் என்று அந்த விதியை எழுதிக் கொடுத்தவன் நான்தான். நான் ஒரு நாளும் நூல் எழுதப் போவதில்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

அட்லஸ் பார்த்த மச்சான்

இங்கே ஒரு பழைய கதை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறையில் நாலு பேர் இருந்தோம். யன்னலைத் திறந்தால் வறுத்த வெங்காய மணம், ஈரக் கம்பளி மணம், அதற்கு அப்பால் ஏரியின் மணம். ஊரில் இருந்த என் மச்சானுக்குக் கடிதம் எழுதினேன்: பின்னேரத்தில் கடற்கரைக்கு நடக்கப் போகிறேன், அலை அடிக்கிறது, கடற்பறவை கத்துகிறது.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. "அத்தான், அட்லஸ் எடுத்துப் பார்த்தேன். ரொறன்ரோவில் கடல் இல்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உண்மையை எழுதவும். மாமி யோசிக்கிறா."

மாமி என்றது என் அம்மாவை; அம்மா நான் ஏதோ நாட்டுச் சிறையில் இருப்பதாக முடிவு செய்துவிட்டா. ஏரிதான், மறுகரை தெரியாத ஏரி, அலையும் பறவையும் உள்ள ஏரி என்று விளக்கி மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. மச்சானின் அட்லஸ் பொய் சொல்லவில்லை. என் காலை நனைத்த அலையும் பொய்யில்லை.

அன்றைக்கு அந்த மச்சானை எவ்வளவு திட்டினேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. திட்டியதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது நாற்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கட்டிய பிறகு அனுமதி கேட்பவர்கள்

ஓய்வு பெற்றபின் எனக்கு எழுதும் ஆசை வந்தது. எங்கள் வட்டத்தில் ஏறக்குறைய எல்லாரும் தங்கள் தங்கள் ஊரையே எழுதினார்கள். புழுதி, பனை, கோயில் மணி, பிறகு விமானம். எனக்கு அலுத்துவிட்டது. நான் போகாத ஊரை, ஒரு பிழைகூட இல்லாமல் எழுதிக் காட்டுகிறேன் என்று சந்திராவிடம் சொன்னேன். "முதலிலை ஒருக்கா போய்ப் பாருங்கோவன்" என்றாள். தேவையில்லை என்றேன்.

கிழக்குக் கரை ஊரைத் தேர்ந்தெடுத்தேன். முறைப்படி வேலை செய்தேன். ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று ஆதாரம். வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் ஒழுங்கைகளை ஒவ்வொரு சந்தாக எண்ணினேன். களப்புப் பாலத்தின் நீளத்தை அளந்தேன். அங்கே சூரியன் கடலில் உதிக்கும், வயலில் மறையும் என்பதைக் கவனமாக எழுதினேன். கிழக்குக் கரையில் கடலுக்குள் சூரியனை மறையவைக்கும் ஆட்களைப் பார்த்தவன் நான். தொழுகை நேரங்களைக்கூட மாதவாரியாகக் குறித்து வைத்தேன்.

பட்டியலில் கடைசி வேலை: அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தல்.

கடைசி வேலை என்பதைக் கவனியுங்கள். நாவல் முடிந்து, பக்கம் வடிவமைத்து, அட்டைப்படம் போட்டு, சென்னையில் அச்சகத்துக்குச் சொல்லி, வெளியீட்டுக்கு மண்டபமும் பிடித்தபின். வீட்டைக் கட்டி, குடிபுகுந்து, விருந்தும் வைத்துவிட்டு அனுமதிக்கு விண்ணப்பம் தூக்கிக்கொண்டு வருவார்களே, அவர்களை முப்பத்தொரு வருடம் என்ன பாடு படுத்தியிருப்பேன்.

அப்படிப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஜலீல். முதன்முதல் அவரைச் சந்தித்தது அவர் குழாய் போட்ட ஒரு வீட்டில். நான் பார்க்குமுன் சுவரை மூடிவிட்டார்கள். மூடிய சுவருக்குள் இருப்பதை நான் பார்க்க முடியாது, ஆகவே உடையுங்கள் என்றேன். அவர் சுத்தியலை எடுத்து உடைத்தார். உள்ளே குழாய்கள் அச்சடித்த எழுத்துப்போல் இருந்தன. அதன்பிறகு எங்கள் வீட்டுக் குழாயை வேறு யாரும் தொட்டதில்லை. அவர் கிழக்கில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கட்டுகிறவரிடமே கேட்டு எழுதுவது பரிசோதகனுக்கு அழகில்லை என்று எழுதும் காலத்தில் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அது அதுட வீடு"

இனிச் சமையலறைக்குத் திரும்பலாம்.

"கலியாணம் முடிஞ்சுதுதானே ஐசே. பொம்பிளை மாப்பிள்ளை வீட்டுக்குப் போகத்தானே வேணும்" என்றேன்.

ஜலீல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது அதுட வீடு சேர். வாப்பா கட்டிக் குடுத்த வீடு. அத விட்டுட்டு அது என்னத்துக்குப் போற? எங்கட ஊரில மாப்பிள்ளதான் வாற."



அவர் தாள்களைப் புரட்டினார். இன்னும் சில பிழைகள் இருந்தன. கலியாணப் பந்தியில் எல்லாரையும் வாழையிலை போட்டு வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அங்கே ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள், அதற்குச் சஹன் என்று பெயர். மறுநாள் விருந்தில் எங்கள் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் ஊற்றியிருந்தேன். அந்த இடத்தில் ஜலீல் சிரிப்பை அடக்க முடியாமல் யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பெண்ணைப் பதினொரு கிலோமீற்றர் தூரத்துக்குக் கட்டிக் கொடுத்திருந்தேன், பக்கத்து வட்டாரமான அடுத்த குறிச்சிக்கே பெண் கொடுக்க யோசிக்கிற ஊரில்.

தட்டையும் கூழையும் மாற்றிவிடலாம். ஒன்பதாம் அத்தியாயத்தை மாற்ற முடியாது. அவள் பாலத்தைக் கடந்ததால்தான் பத்தாம் அத்தியாயத்தில் தனிமை, பதினைந்தில் பிரிவு, இருபதில் கனடா. அந்தப் பெண் வீட்டிலேயே இருந்துவிட்டால் மிச்ச நாவலில் எவருக்கும் வேலையில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு இது தெரியாத விசயமே இல்லை. எங்கள் யாழ்ப்பாணத்தில் சீதன வீடு பெண்ணுக்குத்தானே? என் அப்பா சாகும்வரை இருந்தது அம்மாவின் வீட்டில். மழைக்கு ஓடு மாற்றுவதற்குக்கூட அவர் அம்மாவைக் கேட்டுத்தான் ஏணி வைத்தார். அப்படியிருந்தும் பேனையை எடுத்தவுடன் என் கை சினிமாவைத்தான் எழுதியது. வான், மாலை, கண்ணீர், யன்னல். செய்மதியில் ஊரை அளந்தவன் அந்த ஊர் மனிதரைத் திரையரங்கில் போய் அளந்திருக்கிறேன்.

"அப்ப உந்த அத்தியாயத்துக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"உடைக்கத்தான் வேணும் சேர்" என்றார் ஜலீல். சொல்லும்போது அவர் முகத்தில் பழிவாங்கும் மகிழ்ச்சி கொஞ்சமும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அப்படியே அச்சேற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்ததை மறைக்க மாட்டேன். எங்கள் வட்டத்தில் கிழக்குக் கரையை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் போதும், இருபது வருடம் நான் வாசித்த பட்டியல்கள் எல்லாம் என் தலையில் விழும். எனக்கு எழுபத்தொரு வயது. இது முதல் நூல், அநேகமாகக் கடைசி நூலும். சிவபாதம் பென்சிலைச் சீவிக்கொண்டு காத்திருக்கிறார்.

சென்னைக்கு அழைத்து அச்சை நிறுத்தினேன்.

வாளி எது என்று தெரியாதவன்

வீட்டை விட்டுப் போவது மாப்பிள்ளை என்றால், அவனுக்கு என்ன தோன்றும்? இதை ஜலீலிடம் கேட்டேன். அவரும் ஒரு நாள் மாப்பிள்ளையாகத்தான் போயிருப்பார்.

"என்ன தோணுற? நல்ல சாப்பாடு. மாமி தட்ட நிரப்பிக்கிட்டே இரிப்பா" என்றார். பிறகு எழுந்து, பூட்டி முடித்த குழாயை மறுபடி திறந்து பார்த்தார்.

அதற்கு மேல் எனக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஒன்றுகூட இல்லை, மூன்றுக்கு எங்கே போவது? வாழ்க்கையில் முதல் தடவையாக ஆதாரம் இல்லாமல் எழுதினேன்.

பாலத்தை எடுத்தேன், வானை எடுத்தேன். பையன் நடந்தே போகிறான். பெண் வீடு நான்கு ஒழுங்கை தள்ளி. தகரப் பெட்டி ஒன்று, புதுச் செருப்பு, பெண்களின் குரவைச் சத்தம். மறுநாள் விடியற்காலை கிணற்றடிக்கு வருகிறான். அங்கே மூன்று வாளி இருக்கிறது. எதை எடுக்கலாம், எது மாமனாருடையது என்று தெரியவில்லை. கேட்கக் கூச்சம். அப்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். அதே பள்ளிவாசல், பிறந்த நாள் முதல் கேட்ட அதே குரல். ஆனால் அவன் வீட்டில் அது முதுகுப் பக்கமிருந்து வரும். இங்கே முகத்துக்கு நேரே வருகிறது. அவன் வாளி எடுக்காமல் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அழுகிறான்.

பத்தாம் அத்தியாயத்தின் தனிமையை அவனுக்குக் கொடுத்தேன். ஆச்சரியமாக, அளவாகப் பொருந்தியது.

ஜலீல் அந்தப் பக்கங்களைத் தன் வானில் இருந்தே வாசித்தார். தாள்களை யன்னல் வழியே நீட்டி, "ஒழுக்கு இல்ல சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வானை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. வேலை அவசரம் என்று நினைத்தேன்.

மதிப்புரை

வெளியீட்டன்று மண்டபத்தில் எழுபது பேர் இருந்திருப்பார்கள். பற்றிஸ் பலகாரம் முடிந்துபோனது என்று சந்திரா கவலைப்பட்டாள். ஜலீல் சலவை செய்த சட்டையோடு பின்வரிசையில், பக்கத்தில் அவர் மனைவி பரீதா. நானும் சந்திராவும் பரீதாவை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறோம்.

சிவபாதம் மேடைக்கு வந்து கையிலிருந்த தாளை விரித்தார். எனக்குத் தெரிந்த வடிவம், பட்டியல். ஆனால் அதில் ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தது என்பது அவர் என்னைக் காட்டிப் பேசத் தொடங்கியதும் புரிந்தது.

"நடேசன் எங்களுக்கெல்லாம் பூகோளம் படிப்பிச்சவர். இதிலை பூகோளப் பிழை நான் காணேல்லை. தேடினனான், காணேல்லை. ஆனால் ஒன்பதாம் அத்தியாயம். நாலு ஒழுங்கை தள்ளிப் போன ஒரு ஆம்பிளை, கிணத்தடியிலை நிண்டு அழுறானாம். மத்தியானம் நினைச்சால் தாயிட்டைப் போய்ச் சோறு திண்டிட்டு வரலாம். மாப்பிள்ளை எண்டால் அண்டைக்கு ராசா. ராசா அழுவானோ? உது அந்தச் சனத்தின்ரை பண்பாட்டுக்கே பிழை. ஐசே நடேசன், உம்மடை செய்மதியிலை கண்ணீரும் தெரிஞ்சதோ?"

மண்டபம் சிரித்தது. நான் பதினைந்து நிமிடம் பேசி வாங்கிய அதே சிரிப்பு, வட்டியில்லாமல் திரும்பி வந்தது.

நியாயமான கேள்வி. ஆதாரம் எங்கே என்று எல்லாரையும் கேட்டவன், அந்த ஒரு இடத்தைத்தான் ஆதாரம் இல்லாமல் எழுதியிருக்கிறேன். அது என் கற்பனை, பிழையாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிடுவோம் என எழுந்தேன்.

அதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார்.

"நான் அந்த ஊர்ப் பக்கம்தான்" என்றார் ஜலீல். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத குரல். முன்னால் இருந்தவரின் கதிரை முதுகை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தார். "சேர் எழுதினதில ஒரு பிழை இரிக்கிதான்."

சிவபாதம் தாளை இறக்கினார்.

"நாலு ஒழுங்கை எண்டு போட்டிரிக்கார். எனக்கு ரெண்டு ஒழுங்கைதான். நான் மூணு நாள் அழுத."

சிவபாதம் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தன் பட்டியலில் இருந்த ஒரே வரியைக் குறுக்கே வெட்டினார்.

பரீதா கணவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எழுபது பேர் இருப்பதையே மறந்தவராகச் சொன்னார்:

"தடிமன், மூக்கு ஓடுது எண்டுதானே சொன்னீங்க. மூணு நாளும் கொத்தமல்லி அவிச்சித் தந்தனே."